கட்-ஆஃபில் சேராத பாடம்

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் போட்டி போடும்போது அந்த நூறு கணக்கில் சேராது. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. இதுதான் கட்-ஆஃப். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் வந்து நின்றால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் இயற்பியல், அதற்கும் பிறகுதான் நான்காவது பாடத்துக்கு முறை வரும்.

இந்த விதியைக் குறை சொல்ல வரவில்லை. உயிரியல் குரூப் எடுத்தவர்கள், கம்ப்யூட்டர் பாடமே இல்லாத பள்ளியில் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமானால் இப்படித்தான் செய்ய முடியும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று கலந்தாய்வில் யாரும் கேட்கப் போவதில்லை. அது வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. கட்-ஆஃப் எவ்வளவு, அதற்கு எந்தக் காலேஜ் வரும், அங்கே எந்தக் கோர்ஸ் மிச்சம் இருக்கும் என்ற கணக்கிலேயே மே, ஜூன், ஜூலை ஓடிவிடுகிறது.

அந்த மாதங்களில் எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவள், புதிதாக வருகிறவர்களை இன்டர்வியூ எடுப்பவள் என்பதால் எனக்கு விடை தெரியும் என்று நினைக்கிறார்கள்.

நான் இன்ஜினியரிங் படித்தவள் இல்லை. தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணிதம், பிறகு எம்.சி.ஏ. அப்போது எம்.சி.ஏ. மூன்று வருஷம், 2020-இல்தான் அதை இரண்டாகக் குறைத்தார்கள். என் வயதுப் பெண்கள் பலர் இந்தத் துறைக்குள் வந்தது இந்த வழியாகத்தான். இன்ஜினியரிங் என்றால் நுழைவுத் தேர்வு, வெளியூர், ஹாஸ்டல், கட்டணம் என்று வீட்டில் ஆயிரம் யோசனை. பி.எஸ்சி. கணிதம் என்றால் டவுன் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், பி.எட். முடித்தால் டீச்சர் வேலை என்று நிம்மதியாகச் சம்மதிப்பார்கள். அந்தச் சம்மதத்தின் கொல்லை வாசல் வழியாக எம்.சி.ஏ. வந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் லேபுக்குள் போக வேண்டும், கல்லூரியில் ஏ.சி. இருந்தது அங்கே மட்டும்தான். நீலத் திரையில் டர்போ சி. ஒரு மெஷினுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர். கீபோர்டு யார் கையில் இருந்ததோ அவர்கள் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டை அழகாக எழுதினார்கள்.

இன்று யாருக்கும் இதே பாதையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்த பி.எஸ்சி. எனக்கு வீண் போகவில்லை. மூன்று வருஷம் தேற்றங்களை நிரூபித்து நிரூபித்து, 'இந்த வரி எங்கிருந்து வந்தது?' என்று கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. சம்பளம் வாங்கித் தந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

போனில் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டில் வேறு எதைக் கேட்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல, நான்கு வருஷம் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. யூடியூபில் 'டாப் ஃபைவ் கோர்ஸ்' சொல்பவருக்கும் தெரியாது. 1998-இல் ஒய்2கே வேலைக்காக நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போவதைப் பார்த்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவர்கள் 2002-இல் வெளியே வந்தார்கள். அதற்குள் டாட்காம் சரிந்துவிட்டது. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தது, வேலையில் சேரும் தேதிதான் வரவில்லை. அந்தப் பயத்தில் சில வருஷம் தமிழ்நாட்டில் ஈ.சி.ஈ. சீட்டுக்குத்தான் அடிதடி. 2005-இல் சந்தை சூடு பிடித்ததைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் படிப்பை முடித்தது 2009-இல். முந்தின செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. 2018-இல் 'ஐ.டி. எல்லாம் முடிஞ்சுபோச்சு' என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அரை மனதோடு சேர்ந்த பிள்ளைகளுக்கு, 2022 தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு மூன்று ஆஃபர். அந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்து 2022-இல் சேர்ந்தவர்கள் வகுப்பறைக்குப் போய் உட்கார்ந்த கொஞ்ச நாளில், நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வந்துவிட்டது. இன்றைய சந்தையைப் பார்த்து எடுக்கும் முடிவு, பலன் தரும் நேரத்தில் நான்கு வருஷம் பழசாகியிருக்கும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் சொல்லக்கூடிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது.

என் தம்பி மகள் பிளஸ் டூ எழுதிய சமயம். தம்பி போன் பண்ணினான். "அக்கா, இவ ஏ.ஐ.தான் எடுப்பேன்னு நிக்கா. அவ மாமா சி.எஸ்.ஈ.தான் சேஃப்ங்காரு. நீ என்ன சொல்லுத?"

"ரெண்டும் இருக்கட்டும்டா. அவ சொந்தமா ஏதாவது புரோகிராம் எழுதியிருக்காளா?"

"பிராக்டிகல்ல ஃபுல் மார்க்குக்கா."

லீவுக்குச் சென்னை வந்தவளிடம் என் பழைய லேப்டாப்பைக் கொடுத்தேன். ஸ்டேட் போர்டில் பதினொன்றாம் வகுப்புக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டுக்குப் பைத்தான். "மூணு மார்க்கைக் கொடுத்தா கட்-ஆஃப் சொல்லுற மாதிரி ஒரு புரோகிராம் எழுது பாப்போம்" என்றேன். இவ்வளவுதானா என்று சிரித்தாள். மூன்று மதிப்பெண்ணையும் இன்புட்டாக வாங்கி, கணிதத்தோடு இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி கூட்ட வேண்டும். மளமளவென்று எழுதி ஓட்டினாள். சிவப்பு எழுத்தில் டைப்எரர் வந்து நின்றது.

பைத்தானில் இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் வாங்கும். 94 என்று அடித்தால் அதற்கு அது தொண்ணூற்று நான்கு இல்லை. ஒன்பதும் நாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எழுத்து. எழுத்தை இரண்டால் வகுக்க முடியாது. இன்ட் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அவளும் படித்ததுதான். ஆனால் பிராக்டிகலுக்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன புரோகிராம்களில் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை.

என் முகத்தைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சிவப்பு எழுத்தின் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இன்ட் போட்டாள். ஓட்டினாள். மறுபடியும் டைப்எரர், ஆனால் இந்தத் தடவை செய்தி வேறு. எழுத்தோடு எழுத்தைத்தான் ஒட்ட முடியும், எண்ணை ஒட்ட முடியாது என்கிறது. கணிதத்தைப் பாதியாக்க வேண்டியதில்லை, அதனால் அதற்கு இன்ட் போடத் தோன்றவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா!" என்று லேப்டாப்பைத் திட்டினாள். திட்டிவிட்டு அங்கேயே யோசிக்க ஆரம்பித்தாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை? கூட்டலுக்கு முன்னால் வகுத்தல் நடக்கிறது. முதல் தவறிலேயே அது நின்றுவிடுகிறது. இரண்டாவது தவறு இருக்கும் இடத்துக்கே அது போய்ச் சேரவில்லை. இதை அவளே கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் தம்பியிடம் சொன்னேன். விடை சரியாக வந்ததும் லேப்டாப்பை மூடாமல், கணிதத்துக்கு 105 என்று கொடுத்துப் பார்த்தாள். புரோகிராம் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு 200-க்கு மேல் ஒரு கட்-ஆஃப் சொன்னது. "இத விடக் கூடாதுல்லா அத்தை?" என்று அதைத் தடுக்கிற வேலையில் இறங்கிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்." வரவில்லை.

யாரும் கேட்காத தவறைத் தானாகத் தேடிப் போகிற இந்தக் குணத்துக்கு எந்த மார்க் ஷீட்டிலும் இடம் கிடையாது. எங்கள் வேலையில் பாதி இதுதான். எழுதுவது குறைவு, ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதும், ஓடுவது எப்போது கவிழும் என்று பார்ப்பதும்தான் அதிகம். பக்கத்து ஃப்ளாட் பையன் ஒருவன், இவளைவிட வேகமானவன். அதே புரோகிராமைக் கொடுத்தேன். இரண்டு தவறையும் ஒரே பார்வையில் சரி செய்துவிட்டு, "அவ்ளோதானா ஆன்ட்டி?" என்று எழுந்து போய்விட்டான். அதே பையன் கீழே பார்க்கிங்கில் அவன் அப்பாவின் பழைய பைக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அறிவு குறைவு என்று யார் சொல்வார்கள்? அவனுக்கு இது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக்கலில் சேர்த்திருக்க வேண்டிய பிள்ளை. சி.எஸ்.ஈ.யில் சேர்த்தார்கள். இப்போது அரியரைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது.

ஆகவே போன் பண்ணுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பரீட்சைக்கும் கலந்தாய்வுக்கும் நடுவில் கிடைக்கும் லீவைப் பயன்படுத்திப் பிள்ளையை ஏதாவது செய்ய விடுங்கள் என்பது. கோடைக்கால கோச்சிங் வேண்டாம். வீட்டு மளிகைக் கணக்கைப் போடும் புரோகிராம், தெருக் கிரிக்கெட் ஸ்கோர் பலகை, தங்கைக்கு வாய்ப்பாடு கேட்கும் விளையாட்டு, எதுவானாலும் சரி. கொஞ்சம் முறையாகச் சோதித்துப் பார்க்க விரும்பினால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை. முதலில் நான்கு வாரம் தகுதிச் சுற்று: கணிதம், புள்ளியியல், கணினி வழியில் சிந்திப்பது, ஆங்கிலம் என்று நான்கு பாடம், வாரா வாரம் அசைன்மென்ட், பிறகு தேர்வு. தேறினால் படிப்பில் சேரலாம். வேறு கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. தேறாமல் போனால்கூட நான்கு வாரத்தில் தெரிந்துவிடுகிறது. நான்கு வருஷம் கழித்துத் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி கோர்ஸ் பெயர்கள். சி.எஸ்.ஈ., ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று பட்டியல் வருஷத்துக்கு வருஷம் நீள்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலம், மேட்ரிக்ஸும் கால்குலஸும், இயற்பியல், வேதியியல், பைத்தான், தமிழர் மரபு. அதன்படி சிவில் படித்த பிள்ளைக்கும் இதுதான், ஏ.ஐ. படித்த பிள்ளைக்கும் இதுதான். அதன் பிறகும் கம்ப்யூட்டர் குடும்பத்துப் பிரிவுகள் எல்லாவற்றிலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று அடித்தளம் ஒன்றே. பிரிவது பின்னால், அதுவும் சில தாள்களில். மாமாவும் மருமகளும் இதற்காக இவ்வளவு சண்டை போட்டிருக்க வேண்டாம்.

ஏ.ஐ. வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளில் சிலர் கூடவே 'எனக்கு மேத்ஸ் பிடிக்காது' என்பார்கள். ஏ.ஐ.யின் அடியில் இருப்பது மேட்ரிக்ஸும் நிகழ்தகவும்தான். கணிதம் கசக்கிற பிள்ளைக்கு இந்தத் துறையில் இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். வெப்சைட் வடிவமைப்பது, டெஸ்டிங், நெட்வொர்க்கைப் பராமரிப்பது என்று நல்ல வேலைகள் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை போகவேண்டிய கடைசி இடம் ஏ.ஐ. அதே போல ஈ.சி.ஈ. கிடைத்ததே என்று வருத்தப்படும் வீடுகளும் உண்டு. சென்னையையும் ஓசூரையும் சுற்றியிருக்கும் வண்டித் தொழிற்சாலைகளைப் பாருங்கள். இன்றைய காரிலும் ஸ்கூட்டரிலும் ஓடுகிற புரோகிராமை எழுத சர்க்யூட்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

பெயரைவிட விசாரிக்க வேண்டியது, அதை யார் நடத்துகிறார்கள் என்பது. புதுப் பிரிவைத் தொடங்குவது சுலபம். அதற்கு ஆசிரியர் கிடைப்பது சுலபம் இல்லை. பழைய பிரிவில் இருந்தவரே புதுப் பலகையின் கீழ் உட்கார்ந்திருப்பார், பாவம், மாணவருக்கு ஒரு வாரம் முன்னால் அவர் படித்துக்கொண்டிருப்பார். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் பிளேஸ்மென்ட் ஃப்ளெக்ஸைக் காட்டுவார்கள். அங்கே போகாதீர்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நிற்பார்கள். அவர்களிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்த பிறகு லேப் திறந்திருக்குமா? ஹாஸ்டலில் இன்டர்நெட் உண்டா? புரோகிராமை நீங்களே எழுதுகிறீர்களா, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறீர்களா? கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை எங்கே செய்வீர்கள்?

கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு இல்லை. நம் ஊரில் ப்ராஜெக்ட் சென்டர் என்று ஒரு தொழிலே நடக்கிறது. ஐஇஇஇ தலைப்புகளின் பட்டியல் வைத்திருப்பார்கள். பணம் கட்டினால் புரோகிராம், அறிக்கை, பிரசன்டேஷன், வைவாவில் என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சி எல்லாம் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்டர்வியூவில் அந்தப் பிள்ளை எனக்கு எதிரே வந்து உட்காரும். தலைப்பு பிரமாதமாக இருக்கும்: முகத்தை அடையாளம் கண்டு வருகைப் பதிவு, இயற்கைப் பேரிடரைக் கணிப்பது, இப்படி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதைச் செய்யும்போது எங்கே மாட்டிக்கிட்டீங்க?" சொந்தமாகச் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு வெப்கேம் வேலை செய்யாததிலிருந்து ஆரம்பிப்பார்கள், நிறுத்த முடியாது. வாங்கி வந்தவர்கள், "எங்கயும் மாட்டல மேம், நல்லா போச்சு" என்பார்கள். பெரிய கல்லூரியில் இருந்து வந்து 'நல்லா போச்சு' என்றவர்களும் உண்டு. பெயர் கேள்விப்படாத கல்லூரியில் இருந்து வந்து, தன் அப்பாவின் உரக்கடைக்கு ஸ்டாக் கணக்கு எழுதிக் கொடுத்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்லி வேலை வாங்கிய பெண்ணும் உண்டு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் படிப்பைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளுக்குச் சரிப்படாது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கி, ஹாஸ்டலும் சேர்ந்து பத்து லட்சம் கடன் என்று வையுங்கள். பத்து சதவீத வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் ரூ. 13,000-க்கு மேல் கட்ட வேண்டும். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவருக்குச் சம்பளம் பல வருஷமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவதில் பாதி, தவணைக்கே போய்விடும். மீதியில் சென்னையிலோ பெங்களூருவிலோ ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு. அந்தப் பிள்ளை கிடைத்த முதல் வேலையை விட்டு நகர முடியாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இந்தத் துறையில் முதல் ஐந்து வருஷம் கற்றுக்கொள்ளும் வருஷங்கள். தவணைக்குப் பயந்தவர்களால் கற்றுக்கொள்ள முடியாது. பெயர் பெற்ற தனியார் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டா, கலந்தாய்வில் கிடைக்கும் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் வேறு பிரிவா என்று கேட்டால் நான் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் கலந்தாய்வு வழியாக வந்தால்தான்.

நான்கு வருஷ பி.இ. மட்டுமே வழி என்றும் இல்லை. பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ, அங்கிருந்து நேராக பி.இ. இரண்டாம் வருஷம், கூட்டிப் பார்த்தால் பிளஸ் டூ வழியாக வந்தவருக்கு ஆகும் அதே ஆறு வருஷம்தான், இடையில் எங்கே நிறுத்தினாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். நம் வீடுகளில் பாலிடெக்னிக் என்றால் மார்க் குறைந்தவன் போகிற இடம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வணிகவியல் படித்த பிள்ளைக்கு பி.சி.ஏ. இருக்கிறது, அதற்கு மேல் இரண்டு வருஷ எம்.சி.ஏ. விப்ரோ பல வருஷமாக பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறது. ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்து வேலையும் தருகிறது. குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பாத்தியம் தேவை என்றால் இவற்றைப் பார்க்காமல் பி.இ.க்குக் கடன் தேடுவது சரியில்லை.

இந்த இடத்தில் பெரிய பெயர்களைச் சொல்லி உற்சாகப்படுத்துவது வழக்கம். எனக்கும் ஒரு கதை பிடிக்கும். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நெதர்லாந்துக்காரர், கோட்பாட்டு இயற்பியல் படித்தவர். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறை அவர் பெயரில்தான் பாடத்திட்டத்தில் இருக்கிறது. 1957-இல் அவருக்குக் கல்யாணம். பதிவுப் படிவத்தில் தொழில் 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் மறுத்துவிட்டார்கள். 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று மாற்றிப் பதிய வேண்டியதாயிற்று. பிற்பாடு டியூரிங் விருது உரையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். (நம் ஊர் வரன் சந்தையில் எழுபது வருஷத்தில் நிலைமை எப்படித் தலைகீழானது என்று நினைத்தால் சிரிப்பு வரும்.) இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன்கூட சென்னை ஐ.ஐ.டி.யில் முதலில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வந்தார்.

ஆனால் இந்தக் கதைகளை நம்பி 'எதைப் படித்தாலும் வந்துவிடலாம்' என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வந்தபோது வாசலில் காவல் இல்லை. இன்று கேம்பஸ் இன்டர்வியூவில் உள்ளே விடுவதற்கு முன்பே பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் எல்லாவற்றிலும் 60 சதவீதம் இருக்கிறதா, ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சில கம்பெனிகள் பிரிவையும் பார்க்கின்றன. நானே அந்த விதிகளோடுதான் வேலை செய்கிறேன், எனக்குப் பிடிக்காவிட்டாலும். கதவுக்கு வெளியே நிற்கிற திறமைசாலியை என்னால் பார்க்கவே முடியாது. எனவே வேறு பிரிவில் இருந்து வரப்போகிறவர், அந்தப் பிரிவின் தாள்களையும் அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும், இதையும் படிக்க வேண்டும். இரட்டைச் சுமை. அதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஏ.ஐ.யே கோட் எழுதிவிடுகிறதே, இனி இதைப் படிக்கலாமா என்று இப்போது புதிதாகக் கேட்கிறார்கள். என் டீமில் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள், நானும்தான். முன்பு புதிதாக வந்தவர்களிடம் பழகுவதற்காகக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது அது முடித்துவிடுகிறது. உண்மையை மறைப்பதில் பயன் இல்லை, நுழைவாயில் குறுகியிருக்கிறது. ஆனால் அது எழுதிக் கொடுப்பதைப் படித்து, 105 மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்று கேட்க ஆள் வேண்டியிருக்கிறது. புரோகிராம் மொழியின் இலக்கணத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களுக்கு முன்பும் இங்கே பெரிய எதிர்காலம் இருக்கவில்லை. இப்போது அது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. தமிழ் மீடியத்தில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்வேன். பேசும் ஆங்கிலத்துக்காகக் கூனிக் குறுகாதீர்கள். படிக்கும் ஆங்கிலத்தை விடாதீர்கள். பிழைச் செய்தியையும் கையேட்டையும் வரி விடாமல் படிக்கத் தெரிந்தவர்கள், ஸ்போக்கன் இங்கிலீஷில் வெளுத்துக்கட்டுகிறவர்களைத் தாண்டிப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தம்பி மகள் கடைசியில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் ஐ.டி. எடுத்தாள், ஏ.ஐ. இருந்த கல்லூரி பட்டியலில் கீழே போய்விட்டது. பட்டியலை அப்படிப் போடவைத்தது அவள் அப்பாவோ நானோ இல்லை, டீக்கடையில் அவள் கேட்டுக்கொண்டு வந்த பதில்கள்.

கலந்தாய்வுக்குத் தயாராகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்த்து ஒதுக்குகிறார்கள். உங்கள் ரேங்க்குக்குக் கிடைக்கக்கூடியதில் எது பட்டியலில் மேலே இருக்கிறதோ அதுதான் வரும். கிடைக்காத ஒன்றை முதலில் போட்டதால் கிடைக்கக்கூடியது கைநழுவிப் போகாது. ஆகவே போன வருஷக் கட்-ஆஃபைப் பார்த்துப் பயந்து வரிசையை மாற்றாதீர்கள். பிரவுசிங் சென்டரில் இருப்பவர் 'எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க' என்று நிரப்பித் தரும் பட்டியலுக்குத் தலையாட்டாதீர்கள். முந்தின நாள் ராத்திரி பிள்ளையைத் தன் கையால் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஏன் இது மேலே, ஏன் அது கீழே என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்த்து அந்தப் பிள்ளையே ஏற்றட்டும். லாக் செய்த பிறகு பாஸ்வேர்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.